கதை முடிந்த பிறகு என்ன கேட்பது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றி இருந்தன: வகுப்பில் கதை சொல்வது, அதை வைத்துப் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைப்பது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியே தலை நரைத்தவள் நான். பதில்களில் ஆங்காங்கே வாத்தியார்க் குரல் தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாரந்தோறும் வகுப்பில் கதை சொல்கிறேன். முடிந்ததும் "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்பேன். எல்லாரும் ஒரே வரியைச் சொல்கிறார்கள். சொந்தமாக ஒரு கதை எழுதுங்கள் என்றால், நான் சொன்ன கதையிலேயே முயலை எடுத்துவிட்டு மானைப் போட்டு எழுதித் தருகிறார்கள். தவறு எங்கே இருக்கிறது? – நான்காம் வகுப்பு ஆசிரியை

உங்கள் கேள்வியில்தான் இருக்கிறது. "நீதி என்ன?" என்பதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என்பதும், அது உங்கள் கையில் இருக்கிறது என்பதும் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர்கள் கதையைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு உங்களைப் பற்றி யோசிக்கிறார்கள்: டீச்சர் எந்த வரியை எதிர்பார்க்கிறார்? அதைச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது, பையை மூடலாம். அப்படி மூடிய கதைக்குள்ளிருந்து புதிய கதை எப்படி வரும்?

வேதாளத்தை நினைத்துப் பாருங்கள். விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொல்லும் அது, எந்தக் கதைக்கும் நீதி சொல்வதில்லை. சிக்கலான இடத்தில் நிறுத்திவிட்டு, "இவர்களில் யார் செய்தது பெரிது?" என்று கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்ற மிரட்டல் வேறு. (வகுப்பறைக்கு அந்தப் பகுதி வேண்டாம்.) கடைசிக் கதைக்கு அரசனாலேயே விடை சொல்ல முடியவில்லை, வாய் திறக்காமல் நடக்கிறான். கதைக்குள்ளேயே கேள்வியை வைக்கும் இந்த வழக்கம் நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருந்தும், கடைசி வரியில் நீதியை ஒட்டுவதே ஒரே வழி என்பதுபோலப் பாடநூல்கள் நடந்துகொள்கின்றன. எனக்கு இது நெடுநாள் எரிச்சல்.

அடுத்த முறை முயல் – ஆமைக் கதையைச் சொல்லுங்கள். எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால்தான் அதைச் சொல்கிறேன். என்ன நடக்கும் என்ற பரபரப்பு இல்லாதபோது ஏன் நடந்தது என்று யோசிக்க இடம் கிடைக்கும். முடித்துவிட்டு இதைக் கேளுங்கள்: "தூங்கிக்கொண்டிருந்த முயலைத் தாண்டிப் போனபோது ஆமை ஏன் அதை எழுப்பவில்லை?"

என் வகுப்பில் இந்தக் கேள்வி ஒரு பாடவேளை முழுவதையும் தின்றுவிட்டது. போட்டியில் எதிராளியை எழுப்ப வேண்டியதில்லை என்றது ஒரு பக்கம். நண்பன் என்றால் எழுப்பத்தான் வேண்டும் என்றது மறுபக்கம். ஆமை முயலைப் பார்க்கவே இல்லை, அதன் கழுத்து அவ்வளவு உயரம் வராது என்றான் ஒருவன். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "எழுப்பியிருந்தால், நான் தூங்கவே இல்லை என்று முயல் சண்டைக்கு வந்திருக்கும்." வீட்டில் பெரியவர்கள் யாரையோ அவள் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்.

பேச்சு சூடாக இருக்கும்போதே நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். "ஆமை முயலின் அருகில் நின்ற அந்த ஒரு நிமிடத்தை மட்டும் எழுதுங்கள்." முழுக் கதை வேண்டாம். தொடக்கமும் முடிவும் வேண்டாம். ஒரு நிமிடம் போதும். அரை மணி நேரம் வாயால் சண்டை போட்ட பிள்ளைக்கு எழுதச் சரக்கு இருக்கும். மானைத் தேடிப் போக மாட்டான்.

கேள்வி: நானும் நல்ல கேள்விகள்தான் கேட்கிறேன். ஆனால் எப்போதும் அதே மூன்று பேர்தான் கை தூக்குகிறார்கள். மற்றவர்கள் சிலைபோல உட்கார்ந்திருக்கிறார்கள். – பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளான ஆசிரியர்

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து இதைத்தான் அளந்தார். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளையை அழைத்தார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. வாய் திறக்காதவர்களும் தாமாகவே பேச முன்வந்தார்கள்.

மூன்று விநாடி என்பது காகிதத்தில் சிறியது. நாற்பது பேர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். மனதுக்குள் எண்ணுங்கள். அந்த நேரத்தில் உங்கள் கண் வழக்கமான மூவர் பக்கம் போகக் கூடாது. போனால் அவர்கள் அதை அழைப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு. பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் சற்றுக் காத்திருக்க வேண்டும் என்றார் அவர். நாமோ உடனே "சபாஷ்!" என்கிறோம். அந்தச் சபாஷ் ஒரு பூட்டு. சரியான விடை வந்துவிட்டது என்று வகுப்பு புரிந்துகொள்கிறது. அதற்கு மாறாக நினைத்தவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பாராட்டுக்குப் பதில், "இதற்கு யாராவது மறுப்புச் சொல்கிறீர்களா?" என்று கேளுங்கள்.

பேசத் தயங்கும் பிள்ளைகளை முதலில் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, "உன் பக்கத்தில் இருப்பவள் என்ன எழுதினாள்?" என்று கேளுங்கள். தன் கருத்தைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை, தோழியின் கருத்தைச் சொல்ல எழுந்து நிற்பாள். இதில் நான் ஏமாந்ததில்லை.

கேள்வி: ஒன்பது வயது மகள். நிறையப் படிக்கிறாள். ஆனால் "மழைக்காலம்", "என் கனவு" என்று தலைப்புக் கொடுத்தால் வெள்ளைத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறாள். "எழுத ஒன்றுமே இல்லையே அப்பா" என்கிறாள். – ஒரு தந்தை

அந்தத் தலைப்புகளைக் கொடுத்தால் நானும் அப்படித்தான் உட்காருவேன். "மழைக்காலம்" என்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல் இல்லாத இடத்தில் கதை முளைக்காது.

இத்தாலியின் சிறார் எழுத்தாளர் ஜான்னி ரோதாரி இதற்கு ஓர் எளிய வழி சொன்னார். 1972இல் ரெஜ்ஜோ எமிலியா நகரத்தில் ஆசிரியர்களோடு சில நாட்கள் உட்கார்ந்து, கதை எப்படிப் பிறக்கிறது என்று பேசினார். அடுத்த ஆண்டு அது நூலாகவும் வந்தது. அவருடைய கருத்து இது: ஒரு சொல் தனியாக இருந்தால் தூங்கும். அதற்குச் சற்றும் தொடர்பில்லாத இன்னொரு சொல்லோடு மோதவிட்டால் விழித்துக்கொள்ளும். அவர் எடுத்துக்காட்டிய இணை, நாயும் அலமாரியும்.

தமிழில் இதைச் செய்யும்போது நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வேற்றுமை உருபுகளை மாற்றினாலே போதும். அலமாரிக்குள் நாய். நாயின் அலமாரி. நாய்க்காக ஓர் அலமாரி. அலமாரியோடு ஓடும் நாய். அலமாரியைத் தின்ற நாய். ஒவ்வோர் உருபும் ஒரு கதையின் வாசல். நாயின் அலமாரியில் என்ன இருக்கும்? பூட்டு உண்டா? சாவியை எங்கே வைத்திருக்கும்? இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்து வெறுத்துப்போன "ஐ, ஆல், கு" இங்கே உழைப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

ஒன்றில் கவனம் வேண்டும். இரண்டு சொல்லையும் ஒருவரே தேர்ந்தெடுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் "மேகம் – வானம்" என்று ஒத்துப்போகும் சொற்களே வரும். நீங்கள் ஒரு சொல்லைத் தாளில் எழுதி மறைத்துவையுங்கள். மகள் ஒரு சொல்லை எழுதட்டும். பிறகு இரண்டையும் திறந்து பாருங்கள். ரோதாரி தாம் ஆசிரியராக இருந்தபோது இதைக் கரும்பலகையின் இரண்டு பக்கங்களில் செய்வாராம். ஒரு மாணவன் முன்பக்கம் எழுத, இன்னொருவன் யாருக்கும் தெரியாத பின்பக்கம் எழுத வேண்டும்.

சொல் விளையாட்டு அலுத்துப்போனால், "திடீரென்று இப்படி ஆகிவிட்டால்?" என்ற கேள்விக்குப் போங்கள். சிசிலித் தீவில் உள்ள பொத்தான்கள் எல்லாம் காணாமல் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார் ரோதாரி. உங்கள் மகளின் பள்ளியில் ஒரு நாள் எல்லாக் கதவுகளும் காணாமல் போகட்டும். அவள் எழுதத் தொடங்கியதும் நீங்கள் அந்த அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் தந்தையை எந்தக் கதையும் தாங்காது.

கேள்வி: பயிற்சி வகுப்பில் ஒரு பழமொழியைக் கொடுத்து அதற்கேற்பக் கதை எழுதவைக்கச் சொல்கிறார்கள். மாணவர்கள் எழுதுவது உயிரே இல்லாமல் இருக்கிறது. இந்த முறையே பழையதா? – ஆசிரியர் பயிற்சி மாணவர்

முறை பழையதுதான், தம்பி. ருஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் காலத்தில் இருந்தே இருக்கிறது. ஆனால் அவர் என்ன செய்தார் என்று கேள்.

யாஸ்னயா பொல்யானா என்ற தன் பண்ணை ஊரில் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளி நடத்தினார். "கரண்டியால் ஊட்டுவான், அதன் காம்பால் கண்ணைக் குத்துவான்" என்ற பொருளில் ஒரு ருஷ்யப் பழமொழி உண்டு. அதை வைத்துக் கதை எழுதச் சொன்னபோது அவருடைய மாணவர்களும் உன் மாணவர்களைப் போலவே விழித்தார்கள். உடனே அவர் தாமே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். பிள்ளைகள் சுற்றி நின்று குறை சொன்னார்கள். ஃபெட்கா, ஸெம்கா என்ற இரண்டு சிறுவர்கள் கடைசிவரை ஒட்டிக்கொண்டார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல டால்ஸ்டாய் எழுதினார். ஒரு பாத்திரத்துக்குப் பெண்கள் அணியும் உரோம அங்கியை மாட்டிவிட வேண்டும் என்றான் ஃபெட்கா. ஆண்கள் அங்கி கூடாதா என்று கேட்டால், கூடாது, அதுதான் சரி என்றான். அந்த ஒரு விவரத்தில் அந்த வீட்டின் நிலைமை முழுவதும் தெரிந்துவிட்டது என்று டால்ஸ்டாய் வியந்தார். 1862இல் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: எழுதுவதை யார் யாரிடம் கற்க வேண்டும், குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா?

உனக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். கரும்பலகை முன் நின்று நீ எழுது. அவர்கள் கண்ணெதிரே அடி, திருத்து, திணறு. "இந்த இடத்தில் என்ன வரட்டும்?" என்று உண்மையாகவே தெரியாமல் கேள். எழுதுவது என்பது முடிந்துபோன அச்சுப் பக்கம் என்றே நினைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு பெரியவர் வாக்கியத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்ப்பது பெரிய ஆறுதல்.

பழமொழியையும் மாற்றித் தேர்ந்தெடு. "ஒற்றுமையே பலம்" வேண்டாம். அது கதையை முடித்துவைக்கிற வகை. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று கொடுத்துப் பார். அதில் ஓர் ஆள் இருக்கிறாள், ஓர் இடம் இருக்கிறது, அவமானம் இருக்கிறது. அதோடு ஒரு சந்தேகமும் இருக்கிறது: கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்திருந்தால்?

கேள்வி: அப்படியானால் எழுத்துப் பிழைகளைத் திருத்தவே கூடாதா? – பல கடிதங்களில்

டால்ஸ்டாய் கூடாது என்றே சொல்லிவிட்டார். பிள்ளைகளின் கதையைப் படிக்கும்போது கையெழுத்தையோ எழுத்துப் பிழையையோ வாக்கிய அமைப்பையோ குறை சொல்ல வேண்டாம் என்பது அதே கட்டுரையில் உள்ளது. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். "புலி வந்தது" என்பதைப் "புளி வந்தது" என்று எழுதினால் கதையே வேறாகிவிடும்.

நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். கதை வந்த அன்று நீங்கள் வாசகர் மட்டும்: சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள், புரியாத இடத்தில் "இங்கே யார் பேசுகிறார்?" என்று கேளுங்கள். சிவப்பு மை வேண்டாம். இன்னொரு நாள், அந்தக் கதையைச் சுவரில் ஒட்டவோ கையெழுத்து இதழில் சேர்க்கவோ போகும்போது, "மற்றவர்கள் படிக்கப் போகிறார்கள், சரிபார்த்துவிடலாமா?" என்று உட்காருங்கள். அப்போது பிழை திருத்துவது தண்டனையாகத் தெரியாது. ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழைதான்; இந்த வாரம் ல, ள, ழ என்றால் சந்திப் பிழைகள் அடுத்த வாரம்வரை நிம்மதியாக இருக்கட்டும்.

கேள்வி: குரங்கும் முதலையும் கதையைப் பேசிக்கொண்டிருந்தபோது, "உயிருக்கு ஆபத்து என்றால் பொய் சொல்லலாம்" என்று ஒரு மாணவன் சொன்னான். பாதி வகுப்பு ஆமோதித்தது. மறுநாள் ஒரு தாய் வந்து, பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கற்றுத்தருகிறீர்களா என்று கேட்டார். இதுபோன்ற பேச்சை அனுமதிப்பது சரியா? – ஐந்தாம் வகுப்பு ஆசிரியை

அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளை, "பொய் சொல்லலாமாம், டீச்சர் சொன்னார்" என்று மட்டும் சொல்லியிருப்பான். ஆனால் அந்தப் பேச்சை நீங்கள் நிறுத்தியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

இதயத்தை மரத்திலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று குரங்கு சொன்னது பொய்தான். கதை அந்தப் பொய்யைக் கொண்டாடுகிறது. நாம் எல்லாரும் அதைக் கேட்டு மகிழ்ந்துதான் வளர்ந்தோம். பஞ்சதந்திரக் கதைகளில் பிழைக்கத் தெரிந்தவனுக்குத்தான் மரியாதை. நேர்மையானவன் பல நேரங்களில் ஏமாந்துபோகிறான். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் "பொய் சொல்லக் கூடாது" என்று நாம் முடித்தால் பிள்ளைகள் கவனிக்காமல் இருப்பார்களா? பெரியவர்கள் கதையில் ஒன்று, பேச்சில் ஒன்று என்று அவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

பேச்சை நிறுத்த வேண்டாம். ஆனால் கதைக்குள்ளேயே கட்டிப்போடுங்கள். ஒரு பிள்ளை கருத்துச் சொன்னதும், "கதையில் எந்த இடத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்க வேண்டும். எங்கள் வகுப்பில் இது சட்டம். இடம் காட்டாத கருத்து செல்லாது. இதனால் இரண்டு நன்மைகள். பேச்சு வீட்டுச் சண்டைகளுக்குள் வழிதவறிப் போகாது. அடுத்தது, பிள்ளைகள் கதையை இரண்டாம் முறை படிப்பார்கள், அதுவும் வாதத்தில் வெல்ல வேண்டும் என்ற வெறியோடு.

பிறகு கேள்வியைத் திருப்புங்கள். குரங்கு சொன்னதும் பொய், முதலை சொன்னதும் பொய். வீட்டுக்கு விருந்துக்கு வா என்றுதானே அழைத்தது? இரண்டு பொய்யும் ஒன்றா? நடு ஆற்றில் உண்மையை ஒப்புக்கொண்டது முதலை. அதை ஏன் செய்தது? அதன் மனத்தில் ஏதோ உறுத்தியதா, அல்லது இனிக் குரங்கு தப்பாது என்ற தைரியமா? இந்தக் கடைசிக் கேள்வியில் என் வகுப்பு எப்போதும் இரண்டாகப் பிளக்கும். எனக்கும் இதுவரை விடை தெரியாது. விடை தெரியாத கேள்வியை ஆசிரியர் கேட்கும்போது பிள்ளைகள் அதைக் குரலிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒரு படி போகலாம். கேள்விகளையே பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மாத்யூ லிப்மன், சிறுவர்களோடு தத்துவம் பேசுவதற்கென்று 1970களில் வகுத்த முறை இதுதான்: வகுப்பு சேர்ந்து ஒரு கதையைப் படிக்கும், பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றும் கேள்விகளைச் சொல்வார்கள், அவை பலகையில் எழுதப்படும், எதைப் பேசலாம் என்று வகுப்பு முடிவு செய்யும். எங்கள் பலகையில் ஒரு முறை விழுந்த கேள்வி: "முதலையின் மனைவியை யாராவது போய்ப் பார்த்தார்களா?" நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஆற்றின் மறுகரையில் உட்கார்ந்திருந்த அவளைப் பற்றிப் பிள்ளைகள் எழுதியவை அந்த ஆண்டின் சிறந்த கதைகள். ஒருத்தியின் கதையில் அவளுக்குக் குரங்கின் இதயமே வேண்டியிருக்கவில்லை. நாள் முழுவதும் நண்பனோடு இருந்துவிட்டு மாலையில் மட்டும் வரும் கணவன்தான் வேண்டியிருந்தான்.

அந்தத் தாயை அடுத்த விவாதத்துக்கு அழைத்துப் பின்வரிசையில் உட்காரவையுங்கள். பெரும்பாலும் அவரே கை தூக்கிவிடுவார்.

கேள்வி: ஒரே அறையில் ஐம்பது பிள்ளைகள். படப் புத்தகம் இல்லை, நூலகம் இல்லை, நேரமும் இல்லை. இதெல்லாம் எங்களுக்குச் சாத்தியமா? – தலைமை ஆசிரியை

கதைக்கு வாய் போதும். பேச்சுக்கு நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் சொன்னால் போதும். எழுதியது எல்லாவற்றையும் நீங்கள் படிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு நாளைக்குச் சில நோட்டுகளை மட்டும் ஆழமாகப் படியுங்கள். மீதியை அவர்களே மாற்றி மாற்றிப் படித்துக்கொள்ளட்டும்.

எழுதத் தெரியாத சின்ன வகுப்புகளுக்கு, விவியன் கஸின் பேலி என்ற சிகாகோ மழலையர் ஆசிரியை செய்ததைச் சொல்கிறேன். பிள்ளை தன் கதையைச் சொல்லும். அவர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பு கூடி அதை நடித்துக் காட்டும். கதை சொன்ன பிள்ளைக்கே தனக்கு எந்தப் பாத்திரம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை. கதை மூன்று வரிதான் இருக்கும். "ஒரு சிங்கம் வந்தது. அழுதது. அம்மா வந்தாள்." அதை நடிக்க ஐந்து நிமிடம் கூடத் தேவையில்லை. தான் சொன்ன சொல் எழுத்தாகி, அந்த எழுத்தைப் பார்த்து நண்பன் சிங்கமாக மாறுவதைக் காணும் பிள்ளைக்கு, எழுதுவது எதற்கு என்று வேறு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

கேள்வி: டீச்சர், எனக்குக் கதை தொடங்க வருகிறது, முடிக்க வரவில்லை. கடைசியில் "திடுக்கிட்டு எழுந்தான், எல்லாம் கனவு" என்று எழுதிவிடுகிறேன். எங்கள் மிஸ் திட்டுகிறார். – ஆறாம் வகுப்பு மாணவி

உன் கடிதம்தான் இந்த மாதம் எனக்குப் பிடித்தது, கண்ணு. கனவு முடிவில் ஒரு தொல்லை இருக்கிறது. உன்னை நம்பிப் புலிக்குப் பயந்த வாசகரிடம், "புலியே இல்லை, போ" என்று சொல்வதாகிவிடுகிறது. அவருக்குக் கோபம் வராதா?

முடிவு வராமல் சிக்கிக்கொள்ளும்போது கதையின் முதல் பக்கத்துக்குப் போ. உன் ஆள் அங்கே எதையோ விரும்பியிருப்பான். என்ன விரும்பினான் என்று ஒரு வரியில் எழுது. அது கிடைத்ததா? கிடைக்கவில்லையா? அல்லது கிடைத்த பிறகு வேண்டாம் என்று தோன்றியதா? மூன்றில் ஒன்றுதான் உன் முடிவு. முதல் பக்கத்தில் அவன் எதையுமே விரும்பவில்லை என்றால், உன் சிக்கல் முடிவில் இல்லை, தொடக்கத்தில்தான் இருக்கிறது. கனவை விட முடியவில்லை என்றால் அதைக் கதையின் நடுவில் வை. அவன் எழுந்த பிறகு என்ன செய்தான் என்று மேலே எழுது. அடுத்த கதையை எனக்கு அனுப்பு.

கேள்வி: மகன் எழுதும் எல்லாக் கதைகளிலும் பேய், வெட்டு, ரத்தம். கடைசிப் பக்கத்தில் யாரும் உயிரோடு இருப்பதில்லை. கவலையாக இருக்கிறது. – ஒரு தாய்

பத்து வயதுப் பையன்களின் கதைகளில் பிழைத்தவர்கள் குறைவு. அதற்காக மட்டும் கவலைப்பட வேண்டாம். எழுதாதே என்று தடுத்தால் தலையணைக்கு அடியில் எழுதுவான். கதைக்குள்ளிருந்தே கேளுங்கள்: செத்துப்போனவனுக்குத் தம்பி இருந்தானா? அவனிடம் யார் போய்ச் சொன்னார்கள்? அந்தப் பேய்க்குப் பகலில் என்ன வேலை? சாவுக்குப் பின்விளைவு உண்டு என்று கதை கேட்கத் தொடங்கினால் ரத்தம் தானாகக் குறையும். ஆனால் ஒரே மனிதர், ஒரே அறை, ஒரே பயம் என்று திரும்பத் திரும்ப வந்தாலோ, எழுதாத நேரத்திலும் பையன் ஒடுங்கியிருந்தாலோ, கதையை ஓரமாக வைத்துவிட்டு அவனோடு தனியாகப் பேசுங்கள். அப்போது அது கதையாக இல்லாமல் இருக்கலாம்.

கேள்வி: கைப்பேசிச் செயலியிடம் கேட்டுக் கதையை எழுதி வாங்கிவந்துவிடுகிறார்கள். என்ன செய்வது? – உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர்

வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். வகுப்பிலேயே, பேனாவால், விவாதம் முடிந்த கையோடு எழுதட்டும். "நட்பின் பெருமை பற்றி ஒரு கதை" என்று கேட்டால் இயந்திரம் உங்கள் மாணவனைவிட நன்றாகவே எழுதும். இன்று காலை விவாதத்தில் அவன் யாரிடம் தோற்றான், தோற்ற பிறகு என்ன பதில் தோன்றியது என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அதைக் கேளுங்கள்.

கேள்வி: மகள் பிரபலமான கதைகளையே மாற்றி மாற்றி எழுதுகிறாள். சொந்தக் கற்பனை இல்லையோ? – ஒரு தாய்

கம்பருக்கே கதை வால்மீகியிடமிருந்துதான் வந்தது. எழுதட்டும். ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: அடுத்த முறை அதே கதையை, அதில் வாயே திறக்காத ஒருவர் சொல்வதாக எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் மாவட்ட அளவில் கதைப் போட்டி. நானே ஒரு நல்ல கதை எழுதி, மகளை மனப்பாடம் செய்யவைக்கலாம் என்றிருக்கிறேன். எப்படிப்பட்ட கதை நடுவர்களுக்குப் பிடிக்கும்? – பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

நான் பல போட்டிகளில் நடுவராக இருந்திருக்கிறேன். அப்பா எழுதிய கதை இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளை "விதியின் விளையாட்டு" என்று எழுதாது. அப்படிப்பட்டவை மேசையில் ஒரு தனி அடுக்காகச் சேரும். அவற்றுக்கு நாங்கள் மதிப்பெண் போடுவதில்லை. உங்களுக்குக் கதை எழுதும் ஆசை இருந்தால் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பெரியவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. போட்டிக்கு மகள் எழுதியதே போகட்டும்.